முப்பத்தெட்டாம் குடம்

முதல் வருடம் கொடுத்த உப்புக்கெல்லாம்
ஏற்கெனவே ஒரு விடை இருந்தது.
ஸ்டோர் நாகலிங்கண்ணனுக்கு அது தெரியும்.
ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்
"பச்சையப் பாத்தாத் தெரியலயா, காப்பரு" என்பார்.
நாங்கள் முறைப்படி தடுமாறி
முறைப்படி அதையே கண்டுபிடிப்போம்.

இந்த முறை நாலு பேர், ஒரு செமஸ்டர், ஒரு கேள்வி:
மூக்கையூர் கடற்கரை ஊற்றுகளில் குளோரைடு எவ்வளவு?
தாளை நீட்டிய மேடம்
"எனக்கும் தெரியாது" என்றார்.
வகுப்பறையில் அதுவரை
அந்த வாக்கியத்தை நாங்கள்தான் சொல்லியிருக்கிறோம்.

சில்வர் நைட்ரேட் இருபத்தைந்து கிராம்.
விலையைக் கேட்டதும் மர்ஜூனா சொன்னாள்:
"ஒரு கால் கொலுசக் கரைச்சு
சொட்டுச் சொட்டா ஊத்தப்போறோம்."
காசு பிரித்தோம்.

சொட்டு விழ விழ
குரோமேட் மஞ்சளுக்குள் தயிர் திரளும்.
கலக்கு. இன்னொரு சொட்டு. கலக்கு.
செங்கல் நிறம் வந்து, கலைந்து, வந்து,
போகாமல் நின்றால் நிறுத்து.
ஊற்றுக்கு மூன்று பாட்டில். மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாம் ஊற்று ஒத்துப்போகவில்லை.
எட்டு புள்ளி ஆறு. பதினேழு. முப்பத்தொன்று.
ஒரே குழி, ஒரே காலை.

பிப்பெட்டைச் சந்தேகித்தோம்.
பாட்டிலைக் கழுவிய கேன் தண்ணீரைச் சந்தேகித்தோம்.
என் கண்ணைச் சந்தேகித்தார்கள்;
எனக்குச் சிவப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.
"நடுவுல உள்ளதப் போட்டுருவோம்" என்றான் ரெக்சன்,
அவனுக்கு அது சொந்த ஊர்.
"சீனியர் ரெக்கார்டுல எல்லாம்
அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது."
தவநிதி பேனாவை மூடி
காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

மறுபடி சாயல்குடி பஸ்.
ஏலக்கூடத்தில் வலைக் குவியல் மேல் படுத்து
நாலரைக்கு ஊற்றடியில் உட்கார்ந்தோம்.
சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிறைத்தார்கள்.
கால் மணிக்கு ஒரு பாட்டில், மேலே நேரம்.
குடத்தையும் எண்ணினோம்,
யாருடையது என்றும் குறித்தோம்.
சும்மாதான். தூக்கம் வராமலிருக்க.

கீழ் அச்சில் மணியைப் போட்டோம்:
கோழி கிளறிய மண்.
அலை ஏறும் நேரத்தைப் போட்டோம்: அதுவும் இல்லை.
கேன்டீன் மூடிய பிறகு மர்ஜூனா
சும்மா எண்ணிய குடத்தைப் போட்டாள்.
கோடு எழுந்து நின்றது.

மேலே மிதப்பது போன ஐப்பசி மழை.
அடியில் கடல்.
மொள்ள மொள்ள அது ஏறி வருகிறது.
முதல் ஆளுக்கு மழை,
கடைசி ஆளுக்குக் கடல்,
இடையில் ஊர் முழுக்க வரிசை.

முப்பத்தெட்டாம் குடத்துக்கு நேரே
நோட்டில் தவநிதியின் கையெழுத்து:
சண்முகக்கனி, உப்பளம், பதினொன்றே கால்.
விடியுமுன் பாத்திக்குப் போய்
பொழுதுக்கும் உப்பு வாரிவிட்டு
அப்புறம் தண்ணிக்கு வருகிறவர்.

ரிப்போர்ட்டில் 'பிழைக்கான காரணங்கள்' என்ற இடத்தில்
பிப்பெட், வெப்பநிலை, கண் என்று எழுதி
கடைசியாக வரிசை என்றும் எழுதினோம்.
பென்சிலால் கேட்டிருந்தார் மேடம்:
"இது பிழையா?"
அழித்துவிட்டு எங்கே எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.

வரைபடத்தை ஊருக்கு எடுத்துப்போனோம்.
வெள்ளி பட்டுக் கறுத்த எங்கள் விரல்கள்
சோப்புக்குப் போகாது,
தோல் உரிந்தால்தான் உண்டு.
சண்முகக்கனி அவற்றைப் பார்த்தார்.
பிறகு உப்பு வெடித்த தன் விரலை
கடைசிப் புள்ளியில் வைத்தார்.
"இது நானா?"
"ஆமா."

விரல் கோட்டோடு இறங்கிக்
கீழ்க் கோடிக்கு வந்து நின்றது.
"அப்ப இந்த மொதப் புள்ளி?"

ரெக்சன் கடலைப் பார்த்தான்,
தாளைப் பார்த்தான்.
"எங்கத்தை" என்றான்.